கல்யாணத்தோடு நின்ற கூத்து

"அப்போ மதன் எரிய மாட்டானா தம்பி?" என்று காமன் கூத்து வாத்தியார் கேட்டார். மன்மதனைச் சிவன் எரிப்பதும் அவன் மனைவி ரதி புலம்புவதும்தான் அந்தக் கூத்தின் கதை. "இருபது நிமிஷம்தான் ஐயா, ரதி மதன் கல்யாண ஆட்டத்தோட முடிச்சிக்கலாம்" என்றேன். தப்புப் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தவர் மறுத்துப் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேரளத்துப் புனலூர் விழாவில் யாருக்கு எவ்வளவு நேரம் என்று முடிவுசெய்வது என் வேலை. மேடையில் தீ மூட்ட அனுமதி இல்லை. ஆடுகிறவர்கள் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போக வேண்டும். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். ரதியின் புலம்பல் அவர்களுக்கு எவ்வளவு புரியும்? இப்படித்தான் அன்று கணக்குப் போட்டேன். ஆனால் விடிய விடியக் கதகளிக்கு முன்னால் உட்காரும் ஊர்க்காரர்கள் அல்லவா அவர்கள்? புரியாது என்று நானாக ஏன் நினைத்தேன்?

கல்யாண ஆட்டத்துக்கு நல்ல கைதட்டல். அப்புறம் வாத்தியார் வந்தார்: "கல்யாணத்தோட அனுப்பிட்டோமே தம்பி, இதைச் சந்தோஷக் கூத்துன்னு நெனச்சிருவாங்களே." அடுத்த தடவை முழுசாகப் போடலாம் என்றேன். "சரி தம்பி" என்று போய்விட்டார்.

இலங்கை மலையகத்தில் மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றினால் பௌர்ணமி வரை நடக்கிற கூத்து இது. ஆடுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். சிவன் மதனை எரித்தபின் ரதி அழுவதைக் கேட்கத்தான் லயமே, தோட்டத்து வரிசை வீடுகளே, திரண்டு நிற்கும். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, புனலூர்ப் பக்கத்துக் குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் இதையும் கூடவே கொண்டுவந்தார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களிடம் நான் வாங்கி வைத்துக்கொண்டது அந்த அழுகையைத்தானோ என்று தோன்றும். அப்படி அவர் சொல்லவில்லை, நானே ஏற்றிச் சொல்கிறேனோ என்னவோ. விரதமில்லாத மேடையில் மதனை எரிக்காமல் விட்டது அவருக்கே நிம்மதியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நிம்மதி என்றால் அந்தக் கேள்வியை ஏன் கேட்டார்?

அடுத்த விழாவுக்கு நாற்பது நிமிஷம் கேட்டிருக்கிறேன். தீ இல்லாமல் செந்துணியை வைத்தாவது எரிப்பையும் புலம்பலையும் அதற்குள் கொண்டுவந்துவிடலாம். எரித்த மூன்றாம் நாள் மதனை உயிரோடு எழுப்புகிற பகுதிக்கு நேரம் இருக்காது. எரித்துவிட்டு எழுப்பாமல் விட அவர் சம்மதிப்பாரா? இன்னும் கேட்கவில்லை.