காகங்கரைக் கல்லை வகைப்படுத்திப் பார்த்தபோது

தென்னாப்பிரிக்காவில் கிடைக்கும் விண்கற்கள் 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி அரசுக்கே உரியவை. ஆகவே, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் என் வீட்டு மேசையில் நான் பழகுவது, வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஒரு சாதாரண காண்டிரைட்டின் (காண்டிரூல் எனும் சிறு உருண்டைகள் அடங்கிய விண்கற்களில் மிகப் பரவலான வகை) மெல்லிய சீவலில்தான். முனைவாக்க நுண்ணோக்கியின் கீழ் அதிலுள்ள ஓர் உருண்டைக் காண்டிரூலில் ஆலிவின் என்ற கனிமத்தின் பட்டைகள் இணைகோடுகளாகத் தெரியும். மேடையைச் சுழற்றினால் அத்தனை பட்டைகளும் ஒரே கணத்தில் இருளும்.

அதில் பழகிய, விண்கற்களை வகைப்படுத்தும் வரிசைமுறையை, வெளியான அளவீடுகளைக் கொண்டு, காகங்கரைக் கல்லுக்கு இப்போது பொருத்திப் பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் நேட்டாலுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1890 ஜூனில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் விழுந்த விண்கல் அது. கிடைத்தது மொத்தம் 350 கிராம் அளவுதான் என்பதால், அதன் சீவலுக்கு நான் ஆசைப்பட முடியாது.

முதலில் ஆலிவினில் உள்ள இரும்பின் பங்கைப் பார்த்தேன். சாதாரண காண்டிரைட்டுகளில் இரும்பு ஆக்சைடு மிகக் குறைந்த எச் (H) குழுவிலேயே ஃபயலைட் (ஆலிவினின் இரும்புக் கூறு) 16 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும்; காகங்கரையில் சராசரி ஏறத்தாழ 2 மட்டுமே. அப்படியானால், என்ஸ்டடைட் என்ற மக்னீசியம் சிலிக்கேட் கனிமம் நிறைந்த காண்டிரைட் வகையா என்றால், அவ்வகைக் கற்கள் இதைவிடவும் ஆக்சிஜன் குறைந்த சூழலில் உருவானவை. காண்டிரூல்களுக்கு இடையிலுள்ள நுண்துகள் பொருளான மேட்ரிக்ஸ், இன்னொரு பெரிய வகையான கார்பன் காண்டிரைட்டுகளில் போல மிகுதியாக இருக்கிறது. ஆனால் அவற்றில் அது இரும்பு மிகுந்ததாக இருக்க, இங்கே என்ஸ்டடைட் நிறைந்ததாக இருக்கிறது. ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின்) விகிதங்களை வரைபடத்தில் இட்டால் புள்ளி, புவியின் பாறைகள் அமையும் புவிக்கோட்டுக்குக் கீழே, கார்பன் வகைகளின் பக்கம் விழுகிறது. கால்சியம், அலுமினியம் போன்ற எளிதில் ஆவியாகாத தனிமங்களின் விகிதமோ சாதாரண காண்டிரைட்டுகளை ஒத்திருக்கிறது.

ஐசோடோப்பை மட்டும் நம்பி இதைக் கார்பன் வகையில் சேர்ப்பது மற்ற மூன்று சான்றுகளையும் புறக்கணிப்பதாகும் என்பதே என் முடிவு. ஆய்வாளர்களும் இதைக் காகங்கரையின் முதலெழுத்தால் கே (K) காண்டிரைட் என்று தனியே வைத்திருக்கிறார்கள். குழு என்ற தகுதிக்குக் குறைந்தது ஐந்து கற்களாவது வேண்டும் என்பது மரபு; இதற்கு அவ்வளவு உறவினர் இல்லாததால் சிறுகுழு என்றே அழைக்கிறார்கள்.

அண்டார்க்டிகாவில் கிடைத்த லூயிஸ் கிளிஃப் 87232, நியூ மெக்சிகோவின் லீ கவுண்டி 002 ஆகிய இரண்டும் இதே சிறுகுழுவைச் சேர்ந்தவை. அவற்றின் அளவுகளை அட்டவணையில் அடுத்தடுத்த பத்திகளில் நிரப்பி வருகிறேன்; மூன்றிலும் மேட்ரிக்ஸும் காண்டிரூல்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை முதலில் ஒப்பிடப் போகிறேன்.