குமாரபுரத்து அக்காவின் மனு

பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு அக்கா ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தார். சொந்த ஊர் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரம். 1996 பிப்ரவரி 11 அன்று, புலிகள் தாக்குதலில் இரண்டு சிப்பாய்கள் இறந்ததற்குப் பழிவாங்க ராணுவம் அங்கே 24 பேரைக் கொன்றது. இவருடைய அம்மாவும் அதில் ஒருவர். வழக்கில் இருந்த ஆறு சிப்பாய்களும் 2016இல் விடுதலை. அப்புறம் 2018இல் இழப்பீட்டுக்கென்றே இலங்கையில் ஒரு சட்டம் வந்தது. சரி, மனு போடலாம் என்று கிளம்பியிருக்கிறார்.

மரணப் பத்திரம் மடிப்பில் கிழிந்து, ஒட்டிய டேப் பழுப்பேறிக் கிடந்தது. “காசு கிடக்கட்டும் தம்பி, சுட்டது பிழையெண்டு எழுதித் தந்தால் போதும்” என்றார். எனக்கென்னவோ அதுதான் கிடைக்காது என்று தோன்றுகிறது.

அம்மா பெயரில் ஓர் எழுத்து, முகாம் அட்டையில் மாறியிருக்கிறது. கோபி, சத்தி பக்கம் விவரமான வக்கீல் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.