பதினொன்றாம் நம்பர்

16 மே 2024, வியாழன்

காலையில் கடையைத் திறந்து பிரிண்டிங் மெஷினைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தால், இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன், பதினொன்றாம் நம்பர் சுனில் சேத்ரியின் வீடியோ. ஜூன் 6-ல் கொல்கத்தாவில் குவைத்துடன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். அதோடு இந்திய அணிக்கு ஆடுவதை நிறுத்திக்கொள்கிறாராம். வீட்டில் சொன்னபோது அப்பா சாதாரணமாக எடுத்துக்கொண்டாராம், அம்மாவும் மனைவியும் அழுதுவிட்டார்களாம். முதல் ஆட்டத்துக்குக் கொடுத்த ஜெர்சியில் சென்ட் அடித்துவைத்த கதையையும் சொன்னார். 2005 ஜூன், குவெட்டா, எதிரே பாகிஸ்தான், வயது இருபது. அன்றைக்கே ஒரு கோல்.

ஓனர் அண்ணனிடம் சொன்னேன். "யாரு, அந்த பெங்களூர் டீம்காரரா? நாப்பது ஆகப் போகுதுல்ல, சரி விடு. அந்த விசாகத்து அன்னதான பிளெக்ஸ் என்னாச்சு?"

19 மே, ஞாயிறு

ராத்திரி சின்னசாமியில் சிஎஸ்கே தோற்று வெளியே வந்தாச்சு. காலையில் அரசரடி ரயில்வே மைதானத்தில் பந்தைத் தொடுவதற்கு முன்பே தோனி பேச்சுதான். தல அடுத்த வருஷம் ஆடுவாரா, மாட்டாரா? நானும் மஞ்சள் சட்டைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் தோனி போனால் அந்த இடத்துக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். சேத்ரி போனால் யார்?

நம்ம ஊர் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்-லில் பாதிக்கு மேல் அணிகள் ஸ்ட்ரைக்கர் இடத்தை, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கும் இடத்தை, வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகின்றன. நம் பையன்களை விங்கில், மைதானத்தின் ஓரத்தில், ஓடவிடுகிறார்கள். வாரா வாரம் கிளப்பில் ஒன்பதாம் நம்பராக, அந்த ஸ்ட்ரைக்கர் இடத்தில், ஆடிப் பழகாதவன், இந்திய ஜெர்சி போட்டதும் கோல் அடி என்றால் எங்கிருந்து அடிப்பான்?

இந்தியாவுக்காக 94 கோல், மெஸ்ஸி ரொனால்டோ வரிசையில் நம்மாள் என்று போன் முழுக்க ஒரே பெருமை. எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. அவரே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒப்பீடு அது. எனக்குப் பிடித்தது அவர் ஹெட்டர், தலையால் அடிக்கும் கோல். ஆள் ஐந்தடி ஏழு அங்குலம்தான். ஓரத்திலிருந்து கிராஸ் வரும்வரை டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் சும்மா நிற்பார், கண் மட்டும் பந்தில். பந்து காலை விட்டுக் கிளம்பியதும் அரை அடி முன்னால் நுழைவார். டிஃபெண்டர் குதிக்கும்போது இவர் ஏற்கெனவே மேலே இருப்பார். அந்த அரை அடியை மைதானத்துப் பொடியன்களுக்கு எத்தனையோ தடவை வீடியோ போட்டுக் காட்டியாகிவிட்டது. எல்லாரும் பந்தைத்தான் பார்க்கிறான்கள்.

5 ஜூன், புதன்

நேற்று தேர்தல் முடிவு. கடை முழுக்க நன்றி பிளெக்ஸ். நடுவில் மைதானத்துப் பையன்கள் வந்து சேத்ரிக்கு ஒன்று அடிக்கச் சொன்னார்கள், ஆறுக்கு நாலு. டிசைனும் அவர்களே கொண்டுவந்தது: கேப்டன் பட்டையோடு படம், கீழே பெரிதாக '2005 – 2024'. மெஷினிலிருந்து இறக்கித் தரையில் காயவைத்திருந்தேன். நன்றி பிளெக்ஸ் வாங்க வந்த பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்து, "ஏப்பா, சின்ன வயசா இருக்காரே. எப்படித் தவறுனாரு?" என்றார். பையன்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வருஷத்தை எடுத்துவிட்டு '94' என்று போட்டு மறுபடி அடித்தேன். ஓனர் அண்ணன் ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார்.

6 ஜூன், வியாழன்

0-0. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஏறக்குறைய 59 ஆயிரம் பேர். இடைவேளை முடிந்த கையோடு நம்ம ரஹீம் அலிக்கு கோல்கீப்பரோடு தனியாக மோதும் வாய்ப்பு. அடித்திருந்தால் கதையே வேறு. சேத்ரிக்கு உருப்படியாக ஒரு பந்து வந்ததாக நினைவில்லை. கடைசி ஆட்டத்தில்கூட அவருக்கு யாரும் கிராஸ் போடவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி வந்தார், இரண்டு பக்கமும் நின்று கை தட்டினார்கள், அழுதார். அம்மா எட்டிப் பார்த்து, "தோத்துட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் அழுவுறாரு?"

7 ஜூன்

டீக்கடையில் ஒரே பேச்சு, அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் அடித்தது. சேத்ரி பேரை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

12 ஜூன், புதன்

தோஹாவில் கத்தாரோடு தகுதிச் சுற்று ஆட்டம். நம்ம சாங்தே கோல் போட்டு முன்னால் இருந்தோம். 73-வது நிமிஷம் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்து உள்ளே தள்ளி கத்தார் சமன் செய்தது. வீடியோ பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்க்கும் விஏஆர் இந்தச் சுற்றில் கிடையாது. அப்புறம் இன்னொன்று வாங்கி 2-1. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியே. நடுவரைத் திட்ட நியாயம் இருக்கிறது. ஆனால் குவைத்தை சொந்த மண்ணில் அடித்திருந்தால் இங்கே வந்து இப்படித் தொங்க வேண்டியதில்லை.

6 மார்ச் 2025, வியாழன்

சேத்ரி திரும்ப வருகிறார்! பையன்கள் குதிக்கிறான்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. 2024 முழுக்க இந்தியா ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இந்த ஐஎஸ்எல்-லில் இந்தியர்களில் அதிக கோல் அடித்திருப்பதும் நாற்பது வயதுக்காரர்தான். இந்திய அணியின் கோச் மனோலோ கூப்பிட்டதில் தப்பில்லை, வேறு யாரைக் கூப்பிடுவார்? வழியனுப்பிவைத்த மனிதரை வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, இந்தச் சிலிண்டரையும் மாட்டிவிட்டுப் போங்க என்பது போல இருக்கிறது.

19 மார்ச், புதன்

ஷில்லாங். மாலத்தீவை 3-0. மூன்றாவது சேத்ரியுடையது, தலையால். 95-வது கோல். அந்த அரை அடி அப்படியே இருக்கிறது. கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார். கோபம் கோபம்தான், அது வேற.

25 மார்ச், செவ்வாய்

வங்கதேசத்துடன் 0-0. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டமே இப்படி. முன்வரிசையில் மறுபடி அவரையே நம்பி நின்றோம். அடுத்து ஜூனில் ஹாங்காங். "அவரைத்தான் இறக்குவாங்க, பாத்துக்கிட்டே இரு" என்கிறார் மைதானத்துக் கோச் அண்ணன். இறக்கட்டும். திட்டிக்கொண்டே பார்ப்பேன்.