பெட்டிக்குள் எவ்வளவு

2024 ஒக்டோபர் 1

எங்கள் கறித்தூள் மில்லில் சம்பளம் கொடுத்தாயிற்று. ஒன்பது பேர். காசுப் பெட்டியில் மிச்சம் 11,400.

ஒக்டோபர் 3

நவராத்திரி தொடங்கிவிட்டது. கணக்காளர் போன மாதம் தந்த கணக்கை இன்றைக்குத்தான் விரித்து வைத்தேன். மார்ச் 31இல் முடிந்த வருடத்துக்கு இலாபம் 18 இலட்சம். அதே நாளில் வங்கியில் மேலதிகப்பற்று, அதாவது கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்தது, 3 இலட்சத்து 80 ஆயிரம். இரண்டும் சரிதான் என்கிறார். காசு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டுவது காசுப் பாய்ச்சற் கூற்று. உயர்தரப் பரீட்சையில் அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் விட்டதில்லை. அப்போது அது வெறும் புள்ளி. இப்போது ஒன்பது பேரின் அடுப்பு.

ஒக்டோபர் 4

இரவு ஒரு மணி வரை இருந்து பார்த்தேன். இலட்சத்தில் எழுதுகிறேன், பிறகு மறக்கக்கூடாது.

இலாபம் 18. பெறுமானத்தேய்வு 2.4ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். இயந்திரம் தேய்ந்ததென்று யாருக்கும் நான் காசு எண்ணிக் கொடுக்கவில்லையே. 20.4. கடைக்காரரிடம் நிற்கும் வருமதி முந்தின வருடத்தைவிட 11 கூட. சாக்கில் இருக்கும் மிளகாயும் மல்லியும் 6.5 கூட. நாங்கள் கொடுக்க வேண்டியிருந்த பழைய சென்மதி ஒன்று கொடுத்துத் தீர்த்தது 1. இந்த மூன்றும் கைக்கு வராத காசு, கழித்தால் தொழிலால் கைக்கு வந்தது 1.9. பதினெட்டு இலட்சம் உழைத்ததாகக் கடதாசி சொல்கிறது, வந்து சேர்ந்தது ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம்.

அடுத்தது முதலீடு. புது அரைவை இயந்திரம் 7.5. பிறகு நிதியிடல். வங்கிக்கடன் வந்தது 5, தவணைமுதல் கட்டியது 3.6, வீட்டுக்கு எடுப்பனவு 4.8. வருடத் தொடக்கத்தில் 5.2 இருந்தது. முடிவில் 3.8 பற்று. எல்லாம் பொருந்துகிறது. ஒருவரும் களவெடுக்கவில்லை. அது தெரிந்ததும் ஆறுதலாக இருந்தது, அழுகையும் வந்தது.

இயந்திரத்துக்குக் கடன் 5தான். மிச்ச இரண்டரையை ஓடுகிற காசிலிருந்து போட்டேன். மிளகாய் வாங்கும் காசில் இரும்பு வாங்கியிருக்கிறேன். முழுவதையும் நீண்ட தவணையில் எடுத்திருக்க வேண்டும்.

ஒக்டோபர் 6

ஆசுபத்திரி. அப்பா கண்ணைத் திறந்ததும் கேட்டது, "இண்டைக்குப் பெட்டிக்குள்ள எவ்வளவு பிள்ளை?" மில் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு இந்த ஒரு கேள்விதான். இலாபம் எவ்வளவென்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. சொன்னேன். தலையை ஆட்டினார். ஸ்கான் திகதி இன்னும் தரவில்லை.

ஒக்டோபர் 9

கொழும்பு புறக்கோட்டையில் சரக்குத் தரும் ஆளுக்குக் காசு அனுப்பினால்தான் லொறியில் ஏற்றுவாராம். 2022க்கு முன் முப்பது நாள் பொறுப்பார். அந்த வருடம் ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அதற்குப் பிறகு அவர் எவருக்கும் நாள் கொடுப்பதில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் கைக்காசு கேட்கிறார். எல்லோரும் தங்கள் அந்தரத்தைக் கீழே தள்ளிவிட்டார்கள். கடைசிப்படியில் நான் நிற்கிறேன். எனக்குக் கீழே செத்தல் மிளகாய்க் காம்பு நுள்ளுகிற நாலு பெண்கள். அவர்கள் மேல் தள்ள மாட்டேன்.

ஒக்டோபர் 11

கடன்காரக் கொப்பியைச் சரஸ்வதி படத்துக்கு முன் வைத்து மேலே ஒரு செவ்வரத்தம்பூ வைத்தேன். நாளைக் காலை வரை தொடக்கூடாது. நல்ல நித்திரை.

ஒக்டோபர் 17

வெள்ளவத்தைக் கடை தந்த செக் இன்றைய திகதி. 6 இலட்சத்து 40 ஆயிரம். இன்று போயா, பௌர்ணமி விடுமுறை, வங்கி பூட்டு. செக்கை எழுதும்போது கலண்டர் பார்த்திருப்பார்களோ என்று ஒரு யோசனை. நாளை வெள்ளி போட்டால் திங்கள்தான் காசு. அதற்குள் மூன்று நாள் மேலதிகப்பற்று வட்டி.

ஒக்டோபர் 21

திரும்பிவிட்டது. போதிய பணம் இல்லையாம்.

ஒக்டோபர் 22

அந்த 6.4 இலட்சத்தின் பயணத்தை எழுதிப் பார்க்கிறேன். ஜூனில் காசு கொடுத்துச் செத்தல் வாங்கினோம். முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்து, மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியே வறுத்தோம். வறுவல் வாசம் தொண்டையைப் பிடித்து மூன்று வீட்டுக்கு அப்பால் இருமல் கேட்டது. அரைத்து, ஆறவிட்டு, பொதி செய்து ஜூலையில் அனுப்பினோம். அன்றே விற்பனை என்று பதிந்தாயிற்று. இன்று ஒக்டோபர், காசைக் காணோம்.

சாமான் என்னிடம் நிற்பது சராசரி 20 நாள். கடைகள் தருவது 75 நாளில். எனக்கு நாள் தருபவர் மல்லிக்காரர் மட்டும், சராசரியாகப் பார்த்தால் 10 நாள். 20உம் 75உம் 95, பத்தைக் கழித்தால் 85. ஒரு நாள் மில்லை ஓட்ட 32,000. பெருக்கினால் 27 இலட்சத்து 20 ஆயிரம். இவ்வளவும் எப்போதும் என் காசாக வெளியே நிற்க வேண்டும், அப்போதுதான் மில் ஓடும். இந்தக் கணக்கை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. "வியாபாரம் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு "நல்லாப் போகுது" என்றுதான் இத்தனை வருடமும் சொன்னேன், அது பொய்யும் இல்லை.

கனடாவுக்கு ஏற்றுமதி செய்கிறவர் பொங்கலுக்கு இரண்டு மடங்கு கேட்கிறார். தம்பி துள்ளுகிறான். எனக்குப் பயம். விற்பனை இரட்டித்தால் வெளியே நிற்க வேண்டிய காசும் 54 இலட்சம். அந்தக் காசு எங்கே?

மாலை ஆசுபத்திரியில் அப்பாவின் கேள்வி வந்தது. அறுபதாயிரம் என்றேன். அவருக்கு நான் சொன்ன முதல் பொய். முகம் மலர்ந்து, "அப்ப மல்லியை இப்பவே எடுத்துப் போடு, மழை வந்தால் விலை ஏறும்" என்றார்.

ஒக்டோபர் 23

பெட்டியில் 4,150.

ஒக்டோபர் 25

பழைய கலண்டரின் பின்பக்கத்தில் பதின்மூன்று கட்டம் போட்டேன். ஒரு கட்டம் ஒரு கிழமை. மேலே வரவு, கீழே போக்கு. கடைக்காரர் சொன்ன திகதியைப் போடாமல், போன மூன்று தடவையும் அவர் உண்மையில் தந்த நாளைப் பார்த்துப் பென்சிலால் போட்டேன். சம்பளம், சேமலாப நிதி, வங்கித் தவணை மூன்றும் பேனையால். நவம்பர் முதல் கிழமையில் 3 இலட்சத்து 10 ஆயிரம் குறைகிறது. முன்பென்றால் அந்த நாள் காலையில்தான் தெரிந்திருக்கும். இப்போது ஒரு கிழமை முன்னால் தெரிகிறது. நெஞ்சிடி குறையவில்லை, ஆனால் எங்கே போவது என்று யோசிக்க நேரம் இருக்கிறது.

இங்கே யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் ஐந்து கடைகளுக்கு ஒரு விசயம் சொன்னேன். சாமான் இறக்கும்போதே காசு தந்தால் நூற்றுக்கு இரண்டு கழிவு. தம்பிக்குக் கோபம், "இரண்டு வீதம் சும்மா போகுது." இந்தக் கடைகளிடமிருந்து அறுபது நாள் முந்தி வருகிற காசுக்கு இரண்டு வீதம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 12. வங்கி என்னிடம் எடுப்பது 16. சும்மா போவது எது என்று எழுதிக் காட்டினேன். இரண்டு கடை சம்மதம்.

அப்பா இன்று கேட்கவில்லை.

ஒக்டோபர் 27

இன்றும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 29

காப்பு இரண்டையும் அடைவு வைத்தேன். தீபாவளிக்கு முன் பெண்களுக்கு ஒரு சீலைக் காசாவது கையில் கொடுக்க வேண்டும். வெறும் கையைப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை.

ஒக்டோபர் 31

தீபாவளி. மில் பூட்டு. இயந்திரத்துக்கும் ஒரு பொட்டு.

நவம்பர் 2

மழை. செத்தல் காயவில்லை. சாமான் என்னிடம் நிற்கும் இருபது நாள் இருபத்தாறு ஆகும்.

நவம்பர் 4

ஏற்றுமதிக்காரருடன் பேசினேன். அரைவாசி முற்பணம் தந்தால் இரட்டிப்பு, இல்லையென்றால் வழமையான அளவுதான் என்று சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வெள்ளவத்தைக்காரர் செக்கைத் திரும்பப் போடச் சொல்கிறார். பணமாக அனுப்புங்கள், அதுவரை அடுத்த சரக்கு ஏறாது என்றேன்.

நவம்பர் 5

வெள்ளவத்தையிலிருந்து 2 இலட்சம் கணக்குக்கு வந்திருக்கிறது. மிச்சம் வெள்ளிக்கிழமையாம். கலண்டரில் பென்சிலால் எழுதினேன்.

நாளை ஸ்கான். ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். பெட்டியில் 23,700. கேட்டால் இதைத்தான் சொல்வேன்.