கொச்சிக்கடையில் கேட்ட என் பெயர்

கொழும்புத் துறைமுகத்தை அண்டிய கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் செவ்வாய்க்கிழமைகளில் நிரம்பி வழியும். தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் இந்துக்களும் பௌத்தரும் ஒரே வரிசையில் நகர்ந்து சென்று புனிதரை வணங்குவார்கள். அருகிலுள்ள பொன்னம்பலவாணேசர் கருங்கல் கோயிலில் அர்ச்சனையை முடித்துக்கொண்டு, நெற்றியில் திருநீறு துலங்க இங்கு மெழுகுதிரி ஏற்ற வரும் அம்மாமாரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு திருப்பலி வேளையில் குண்டு வெடித்து உயிர்கள் பறிபோன இடமும் இதுவே. அதே தரையில் அதே மக்கள் மறுபடியும் முழந்தாளிடுவதைப் பார்க்கும்போது, அவர்களுடைய விசுவாசத்தின் ஆழத்தை என்னால் அளவிட முடிவதில்லை.

நான் மலைநாட்டின் பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவள். ‘நீ யார்’ என்ற கேள்வி, தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த எங்கள் மலையக மக்களுக்கு எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்கள் ஆக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தலைநகரிலோ, அடையாள அட்டையைக் கையிலெடுப்பவர் பெயரை ஒருமுறையும் ஊரை ஒருமுறையும் படித்துவிட்டு முகத்தை நிமிர்ந்து பார்ப்பார். ‘தோட்டத்து ஆள்’ என்ற சொல் வாயிலிருந்து வராவிட்டாலும் பார்வையில் வந்துவிடும். பிறர் எழுதித் தரும் அடையாளத்தோடு வாழ்ந்து பழகிய மனதுக்கு, அதற்கு அப்பாலும் ஓர் அடையாளம் உண்டு என்பதை நம்புவது கடினம்.

இந்தத் திருத்தலத்தின் வரலாறும் மறைக்கப்பட்ட ஓர் அடையாளத்திலிருந்தே தொடங்குகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், அந்தோனியோ என்னும் குருவானவர் வணிகர் வேடத்தில் இப்பகுதியில் ஒளிந்து வாழ்ந்தார் என்பது மரபு. கடல் கரையை அரித்தபோது மீனவர்கள் அவரிடம் ஓடிவந்தார்கள். அவர் சிலுவையை நட்டுச் செபிக்க, கடல் பின்வாங்கியது என்கிறார்கள். உயிருக்குப் பயந்து மறைத்துவைத்த குருத்துவத்தை, பிறர் துன்பத்தின் முன்னால் அவரால் மறைக்க முடியவில்லை. அலை பின்வாங்கியதைவிட இதையே நான் பெரிய அற்புதமாகக் கருதுகிறேன்.

புனித அந்தோனியாரும் பிறப்பில் அந்தோனியார் அல்லர். 1195இல் லிஸ்பன் நகரில் பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் பெர்னாண்டோ. அகுஸ்தீனார் சபையில் கல்விமானாக இருந்தவர், மொரோக்கோவில் மறைசாட்சிகளாக இறந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் கொண்டுவரப்பட்டதைக் கண்டு, 1220இல் அந்த எளிய சபையில் சேர்ந்து புதுப்பெயர் ஏற்றார். பின்னர் இத்தாலியின் மலைப்பகுதி ஆசிரமமொன்றில், தம் கல்வியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஃபோர்லி நகரில் எதிர்பாராமல் மறையுரை ஆற்றப் பணிக்கப்பட்ட அன்றுதான் அவர் யார் என்று உலகம் அறிந்தது. இறைவனோ, பாத்திரம் கழுவிய நாட்களிலேயே அவரை அறிந்திருந்தார். மறையுரை ஆற்றிய அந்தோனியாரின் நாவின் சிறு பகுதி கொச்சிக்கடையில் கண்ணாடிப் பேழைக்குள் திருப்பண்டமாக இருக்கிறது. அதன்மேல் விரல் வைத்துச் செபிப்போரின் ரேகைகள் அந்தக் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. எது எந்த இனத்தவருடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு நாள் நான் அங்கு கலந்துகொண்ட தமிழ்த் திருப்பலியில் எசாயா இறைவாக்கினர் நூலின் 43ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பெயர் சொல்லி அழைத்தேன், நீ எனக்கு உரியவன் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி அது. நாடு கடத்தப்பட்டு அடிமைகளாய் இருந்த மக்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை என்று அருட்தந்தை விளக்கியபோது என் கண்கள் நிறைந்தன. திருமுழுக்கில் கிறிஸ்து எனக்குத் தந்த பிள்ளை என்ற உரிமை எந்தப் பதிவேட்டுக்கும் முந்தியது. அதை எந்தச் சட்டமும் வழங்கவுமில்லை, எந்தச் சட்டத்தாலும் பறிக்கவும் இயலாது. அதற்காக நான் மலையகத் தமிழச்சி இல்லாமல் போய்விடவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயன் அறையில் செபமாலை சொல்லிக்கொடுத்த என் அம்மாவின் தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களும் அந்த உரிமைக்குள் அடங்கியவையே. இனி அந்த அடையாளங்கள் என் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை, அவ்வளவுதான்.

நற்கருணை பெற்றபின் மெழுகுதிரி மேடையருகே நின்றேன். தன் திரியை என் திரியில் பற்றவைத்துக்கொண்ட வயதான அம்மா ஒருவர், “எந்த ஊர் பிள்ளை?” என்று கேட்டார். “பொகவந்தலாவை அம்மா, தோட்டம்” என்றேன். குரல் தாழவில்லை. “மகளுக்கு நாளைக்கு ஒப்பரேஷன். நான் சைவம்தான், ஆனாலும் அந்தோனியாரை விட்டால் எனக்கு யார் இருக்கினம்? நீங்களும் ஒருக்கால் கேளுங்கோ” என்று என் கையைப் பிடித்தார்.

“மகளின் பெயரைச் சொல்லுங்கள் அம்மா” என்று சொல்லி, அவரோடு முழந்தாளிட்டேன்.