பரம்பரையாக வரும் சிறுநீரக நோய்: திருகோணமலைக் குறிப்புகள்

மார்ச் 4
பதவி ஸ்ரீபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், எங்கள் மாவட்டத்தில் யாருக்குச் சிறுநீரகம் பழுதானாலும் கிணற்றுத் தண்ணீரில்தான் பழி விழுகிறது. தண்ணீரை விசாரியுங்கள், கூடவே அப்பம்மா, அம்மம்மா வரைக்கும் விசாரியுங்கள். யார் டயலிசிஸ் செய்தார், யாருக்கு இளவயதிலேயே காது மந்தம், யார் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார், யார் சொந்தத்துக்குள் கல்யாணம் முடித்தார். ஒரு தாளில் வம்சக்கோடு வரைந்து கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

மார்ச் 7
நீர்க்கட்டிச் சிறுநீரக நோய்: சிறுநீரகத்தில் நீர் நிறைந்த கட்டிகள் வரும். பெரும்பாலும் 16ஆம் நிறமூர்த்தத்தின் பிகேடி1 மரபணு, குறைவாக 4ஆம் நிறமூர்த்தத்தின் பிகேடி2. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம். மூத்தவருக்கு வந்ததால் இளையவர் தப்புவார் என்பது பிழையான கணக்கு.

குடும்பத்தில் நோய் உறுதியானால் ஸ்கானில் பார்ப்பது இது: 15–39 வயதில் இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்துக் குறைந்தது 3 நீர்க்கட்டி, 40–59இல் ஒவ்வொன்றிலும் 2, 60க்கு மேல் ஒவ்வொன்றிலும் 4. ஆனால் 22 வயதில் ஸ்கான் சுத்தமாக இருந்தால் நோய் இல்லையென்று முடிவுகட்டக் கூடாது. பிகேடி2 கட்டிகள் பிந்தித்தான் தெரியும். அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்கத் தம்பி முன்வரும்போது இந்தத் தவறு இருவரையும் கெடுக்கும். முதலில் அண்ணனின் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்து, அதே பிழை தம்பியிடம் உண்டா என்று தேட வேண்டும். பிகேடி1க்கு அதே நிறமூர்த்தத்தில் போலிப் பிரதிகள் உள்ளன. அவற்றோடு குழப்பாமல் பார்க்க அனுபவமுள்ள ஆய்வுகூடம் தேவை.

மார்ச் 12
அல்போர்ட் என்ற பரம்பரை நோய். கொலாஜன் 4 என்ற புரதம் பழுதாகிச் சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு நலியும். காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கும். எக்ஸ் நிறமூர்த்த வகை தகப்பனிடமிருந்து மகள்மார் எல்லோருக்கும் போகும், மகனுக்குப் போகாது. அந்த மகள்மாரை "நோயைக் கடத்துபவர்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம். அவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழக்கலாம். வருடாவருடம் பிரஷரும் சலத்தில் (சிறுநீரில்) அல்புமின் புரதமும் பார்க்க வேண்டும். காலையின் முதல் சலம் நல்லது. மாதவிலக்கு நாளில் எடுத்தால் இரத்தம் பொய்யாகக் காட்டும்.

மார்ச் 13
யூமோட் மரபணுக் கோளாறு இன்னொரு பரம்பரைச் சிறுநீரக நோய். அதில் சலம் சுத்தமாகவே இருக்கும், அதனால் தவறிவிடும். இளவயதில் கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம்) வந்தால் குருதியில் கிரியற்றினின் பாருங்கள்; சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு அது, பழுதானால் கூடும்.

மார்ச் 19
மச்சான் மச்சாள் கல்யாணம் எங்களிடம் சாதாரணம். இருவரிடமும் பிள்ளைகளின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பிஎச்பி1 மரபணுப் பிழை மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத ஆபத்து. அறிகுறிகள் மிகச் சாதாரணமானவை: இரவில் எழும்பித் தண்ணீர் குடிப்பது, படுக்கையில் நனைப்பது நின்ற பிள்ளை திரும்ப நனைப்பது, இரத்தச்சோகை, வளர்த்தி குறைவது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து மாதங்களைக் கடத்தாமல் குருதியில் கிரியற்றினின் பாருங்கள்.