சாக்வில் வீதிப் பள்ளி முற்றமும் பிளாக்பர்ன் தம்பதியரின் முகவரியும்

ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியில், ஈஸ்டேர்ன் அவெனியூவும் சாக்வில் வீதியும் சந்திக்கும் இடத்தருகே இங்கிள்நூக் என்ற சிறிய உயர்நிலைப் பள்ளி இயங்கி வருகிறது. 1887இல் எழுந்த அந்தச் செங்கற் கட்டடத்தை நாள்தோறும் கடந்து செல்வோரில் பலர், நிலத்தடி இரயில்பாதையுடன் தொடர்புடைய ஓர் இடத்தில் கனடாவிலேயே முதன்முதலாகத் தொல்லியல் அகழாய்வு நடந்தது அதன் முற்றத்தில்தான் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்கள் வட மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் தப்பி வருவதற்குத் துணைநின்ற வீடுகள், தேவாலயங்கள், படகோட்டிகள், வழிகாட்டிகள் ஆகியவற்றின் தொடர்பையே நிலத்தடி இரயில்பாதை என்று அழைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு பெப்ரவரியிலும் அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, பலரைத் தப்புவித்த ஹரியட் டப்மனைப் பற்றிப் பள்ளியில் படித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் தாங்கள் பேருந்து ஏறும் தெருவிலேயே அந்த வரலாற்றின் ஒரு முனை இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லத் தமிழில் ஒரு பக்கமாவது வேண்டும் என்று தோன்றியதால், இந்நகரில் உள்ள அத்தகைய இடங்களை முகவரியுடனும் சான்றுடனும் எழுதி வைக்கத் தொடங்கினேன். இந்தப் பதிவு, அவற்றில் நான் மிகவும் மதிக்கும் ஓர் இடத்தைப் பற்றியது.

1985ஆம் ஆண்டுக் கோடையில் அந்தப் பள்ளி முற்றத்தைத் தோண்டினார்கள். பழைய வரைபடங்களிலும் பதிவேடுகளிலும் அந்த நிலத்தில் யார் குடியிருந்தார் என்று தேடியபோது, தோர்ன்டன் பிளாக்பர்ன் என்ற பெயரும், வண்டிக்காரர், கறுப்பினத்தவர் என்ற இரண்டு குறிப்புகளும் கிடைத்தன. தொடக்கத்தில் கையிலிருந்தது அவ்வளவுதான். மண்ணுக்கடியில் சிறிய மரவீடு ஒன்றின் நிலவறையும் அடித்தளமும் வெளிப்பட்டன. மாணவர்களும் பொதுமக்களும் அகழாய்வில் கலந்துகொண்டு மண்ணைச் சலித்தார்கள். ஆனால் மண் சொல்லக்கூடியது ஓரளவுதான். ஒரு வீட்டில் இருந்தவர்கள் எதில் உண்டார்கள், எந்தப் பீங்கானை உடைத்தார்கள் என்பதை அது காட்டும். அவர்கள் எங்கிருந்து, எப்படி, யாரிடமிருந்து தப்பி வந்தார்கள் என்பதைக் காட்டாது. தோர்ன்டனும் அவருடைய மனைவி லூசியும் எழுதப் படிக்க அறியாதவர்கள். ஒரு கடிதமோ நாட்குறிப்போ அவர்கள் விட்டுச் செல்லவில்லை. புகைப்படமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இப்படிப்பட்ட இருவரின் வாழ்க்கை இன்று ஏறத்தாழ முழுமையாக நமக்குத் தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் அவர்களைப் பிடிக்க முயன்றவர்கள் சேர்த்து வைத்த காகிதங்கள்தான்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் தோர்ன்டன் ஒரு கடையில் சுமையேற்றும் பணியாளராக வேலை செய்தார். அவருக்குத் திருமணமாகிச் சிறிது காலத்திலேயே மனைவி வேறொருவருக்கு விற்கப்பட்டார். அழகான இளம் பெண்கள் தெற்கே இன்னும் கொடிய சந்தைகளுக்கு அனுப்பப்படுவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. தம்பதியர் அஞ்சியது அதைத்தான். 1831ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், அமெரிக்க சுதந்திர தினத்துக்கு முந்தைய நாளில், இருவரும் நல்ல உடை உடுத்து, தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று காட்டும் போலிப் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் வெர்சாய் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார்கள். ஒகையோ ஆற்றின் வழியே சின்சினாட்டிக்குச் சென்று, அங்கிருந்து குதிரைவண்டியில் வடக்கே பயணித்து, டிட்ராய்ட் நகரை அடைந்தார்கள். நள்ளிரவும் காடும் நாய்களும் நிறைந்த கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு, பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு தப்பித்த இந்தத் துணிவு புதிதாக இருக்கும். கப்பல்காரர்கள் பத்திரங்களைச் சரியாகப் பார்க்காமல் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லி, எசமானர்கள் கப்பல் உரிமையாளர்கள்மீது நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 1846 வரை இழுபட்ட அந்த வழக்கின் சாட்சியங்களே, தம்பதியர் எப்படிப் புறப்பட்டார்கள் என்பதை நமக்குச் சொல்கின்றன. மனிதரைச் சொத்தாகக் கருதி, இழந்த சொத்துக்கு விலை கேட்டவர்களின் வாக்குமூலம், அவர்கள் நினைத்தே பார்க்காத வகையில், அந்த மனிதரின் அறிவுக்கும் ஆற்றலுக்கும் சாட்சியாகி நிற்கிறது.

டிட்ராய்ட்டில் இருவரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்தார்கள். 1833 ஜூன் மாதத்தில் அவர்களைக் கைதுசெய்து, கென்டக்கிக்கே திருப்பி அனுப்புமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. 1793ஆம் ஆண்டின் அமெரிக்கத் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வட பகுதிகளையும் கட்டுப்படுத்தியதால், நீதிபதிக்கு வேறு வழி இருக்கவில்லை. அடுத்து நடந்ததை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனெனில் இதைச் செய்தவர்கள் அந்த நகரின் கறுப்பின மக்களே. ஞாயிற்றுக்கிழமை, கரோலைன் பிரெஞ்ச், டபிதா லைட்புட் என்ற இரு பெண்கள் லூசியைப் பார்க்கச் சிறைக்குச் சென்றார்கள். உள்ளே கரோலைன் தன் உடையை லூசிக்குக் கொடுத்துவிட்டு, லூசியின் உடையை அணிந்து அங்கேயே அமர்ந்துகொண்டார். லூசி அழுதவாறு முகத்தை மறைத்துக்கொண்டு வெளியேறி, அன்றே ஆற்றைக் கடந்து கனடா மண்ணைச் சேர்ந்தார். மறுநாள் தோர்ன்டனைக் கப்பலுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது, திரண்டிருந்த நூற்றுக்கணக்கானோர் அவரை மீட்டு அக்கரைக்கு அனுப்பினார்கள். அந்த மோதலில் படுகாயமடைந்த ஷெரிப் பின்னர் இறந்தார். இதன் விலையை டிட்ராய்ட்டின் கறுப்பின மக்களே கொடுத்தார்கள்: கைதுகளும் கட்டுப்பாடுகளும் அச்சுறுத்தலும் தொடர்ந்தன, பலர் ஊரைவிட்டே வெளியேறிக் கனடாவில் குடியேறினார்கள். தம் உடலையும் வாழ்விடத்தையும் பணயம் வைத்து அயலார் இருவரைக் காத்த இம்மக்களின் பெயர்களை, எந்தப் பட்டியலிலும் முன்வரிசையில் எழுத வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

டிட்ராய்ட் அமைந்த மிச்சிகனின் அதிகாரிகள், அந்த மோதலைக் குற்றமாகச் சுட்டி, இருவரையும் ஒப்படைக்குமாறு மேல் கனடா (இன்றைய ஒன்ராறியோ) அரசிடம் கேட்டார்கள். துணை ஆளுநராக இருந்த ஜோன் கோல்போர்ன் மறுத்துவிட்டார். குற்றம் உண்மையாகவே இருந்தாலும், திருப்பி அனுப்பினால் அவர்களுக்குக் கிடைக்கப்போவது வாழ்நாள் அடிமைத்தனம். அப்படியொரு தண்டனை இந்த மண்ணின் சட்டத்தில் இல்லை என்பதே அம்மறுப்பின் சாரம். தப்பி வருவோரைக் கனடா திருப்பி அனுப்பாது என்ற நம்பிக்கை பின்னாளில் உறுதிப்பட்டதில் இவ்வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

1834இல் தம்பதியர் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். தோர்ன்டன் முதலில் வழக்கறிஞர் சங்கக் கட்டடமான ஒஸ்கூட் ஹோலில் உணவு பரிமாறுபவராக வேலை பார்த்தார். 1837இல் ‘த சிட்டி’ என்ற பெயரில் சிவப்பும் மஞ்சளும் பூசிய வாடகைக் குதிரைவண்டி ஒன்றை ஓட்டத் தொடங்கினார். நான்கு பேர் உள்ளே அமரலாம். ஓட்டுபவர் முன்னே வெளியில் அமர்வார். இந்நகரின் முதல் வாடகை வண்டி அதுவே. இன்று நம்மவர்களில் எத்தனையோ பேர் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தை நிலைநிறுத்திய இதே நகரில், அத்தொழிலைத் தொடங்கி வைத்தவர் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஒருவர் என்பதை அறியும்போது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டாகிறது. அவர் மீண்டும் கென்டக்கிக்கு மறைவாகச் சென்று தன் தாயை அழைத்து வந்தார். பிடிபட்டிருந்தால் மீளவே முடியாத பயணம் அது. சேர்த்த பணத்தில் வீடுகள் வாங்கி, புதிதாகத் தப்பி வந்தவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். 1851 செப்டம்பரில் கிங் வீதியிலுள்ள சென்ட் லோரன்ஸ் ஹோலில் நடந்த வட அமெரிக்கச் சுதந்திரக் கறுப்பினத்தவர் மாநாட்டிலும் தோர்ன்டன் கலந்துகொண்டார். அந்த மண்டபம் இன்றும் நிற்கிறது. தோர்ன்டன் 1890இலும் லூசி 1895இலும் காலமானார்கள்; நெக்ரோபொலிஸ் மயானத்தில் அவர்களுடைய சிவப்புக் கருங்கல் தூண் இருக்கிறது.

1999இல் கனடா அரசு இருவரையும் தேசிய வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவர்களாக அறிவித்தது. 2002இல் ரொறன்ரோவிலும் லூயிவில்லிலும் நினைவுப் பலகைகள் வைக்கப்பட்டன. தப்பி ஓடிய ஊரும் வந்து சேர்ந்த ஊரும் ஒரே கதையைத் தத்தம் தெருவில் எழுதி வைத்திருப்பது அரிது, அதனால் எனக்கு இந்த இரட்டைப் பலகைகள் மிகவும் பிடிக்கும்.

இத்தகைய இடங்களை எழுதும்போது, வீடு நிற்கிறதா என்ற கேள்வியை நான் முதலில் கேட்பதில்லை. நின்ற வீடுகளை மட்டும் எழுதினால், கல்லிலும் செங்கல்லிலும் கட்டும் வசதி படைத்தவர்களின் வரலாறு மட்டுமே மிஞ்சும். உதவி செய்த வெள்ளையினப் போதகர்களின், வணிகர்களின் வீடுகள் பல இடங்களில் அருங்காட்சியகங்களாகிவிட்டன. அவர்களுடைய தொண்டு உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் தப்பி வந்தவர்களும் அவர்களைச் சேர்த்துக்கொண்ட கறுப்பினக் குடும்பங்களும் வாழ்ந்த மரவீடுகள் இடிக்கப்பட்டு, மேலே பள்ளியும் வாகனத் தரிப்பிடமும் வந்துவிட்டன. நகர மண்டபத்துக்குப் பின்னால், செஸ்ட்நட் வீதியில், கறுப்பின மக்கள் 1840களில் நிலம் வாங்கிக் கட்டிய தேவாலயம் அப்படித்தான் மறைந்தது. 2015இல் புதிய நீதிமன்றம் கட்டுவதற்காக அங்கிருந்த வாகனத் தரிப்பிடத்தைத் தோண்டியபோதுதான் அதன் அடித்தளம் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

எனவே முகவரியே எனக்கு முதல் ஆவணம். நகர ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய வரிப்பதிவேடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதிவு இருக்கும்: குடியிருப்பவர் பெயர், தொழில், உரிமையாளரா வாடகையாளரா, நிலத்தின் மதிப்பு. வருடா வருடம் எழுதப்பட்டவை என்பதால், ஒருவர் எப்போது வந்தார், எப்போது வாடகையாளர் உரிமையாளரானார், எப்போது விதவையின் பெயர் அந்த இடத்துக்கு வந்தது என்பதையெல்லாம் அவற்றைப் புரட்டிக்கொண்டே போகும்போது காணலாம். இதற்கு நேரெதிரானவை சுரங்கப்பாதைக் கதைகளும் இரகசிய அறைக் கதைகளும். துணியில் தைத்த ஒட்டுப்போர்வை வடிவங்கள் தப்புவோருக்கு வழிகாட்டும் குறியீடுகளாக இருந்தன என்ற கதை 1990களின் இறுதியில் பரவிப் பள்ளிப் பாடங்களில்கூட இடம்பிடித்தது. தப்பி வந்தவர்கள் விட்டுச் சென்ற எண்ணற்ற வாக்குமூலங்களில் அதற்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் நடந்தவையே இவ்வளவு வியப்புக்குரியவையாக இருக்கும்போது, இட்டுக்கட்டிய கதைகளை என் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கனடாவை வெறும் புகலிடமாக மட்டும் எழுதுவதும் பொய்யாகிவிடும். இந்த நகரிலேயே அடிமைகள் இருந்தார்கள். மேல் கனடாவை நிர்வகித்த பீட்டர் ரசல், பெகி என்ற பெண்ணையும் அவருடைய பிள்ளைகளையும் அடிமைகளாக வைத்திருந்தார். 1793இல் மேல் கனடாவில் இயற்றப்பட்ட சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டு வருவதைத் தடுத்ததே தவிர, ஏற்கெனவே இருந்தவர்களை விடுவிக்கவில்லை. பெகி தன் அனுமதியின்றி வெளியேறியிருக்கிறாள், அவளுக்கு வேலையோ அடைக்கலமோ கொடுக்க வேண்டாம் என்று 1803இல் ரசல் செய்தித்தாளில் எச்சரித்தார். 1806 பெப்ரவரியில், ஏறத்தாழ நாற்பது வயதான பெகி 150 டொலருக்கும், ஏறத்தாழ பதினைந்து வயதான அவருடைய மகன் ஜூப்பிட்டர் 200 டொலருக்கும் விற்பனைக்கு இருப்பதாக அதே மனிதர் விளம்பரம் செய்தார். அடைக்கலம் கொடுக்காதீர்கள் என்று ஒருவர் அச்சிட்டுச் சொல்ல நேர்ந்தது என்றால், பெகி வெளியே போயிருக்கிறார். யாரேனும் கதவைத் திறந்துவிடுவார்கள் என்ற அச்சம் ரசலுக்கு இருந்திருக்கிறது. அந்தக் கதவு எந்த வீதியில் இருந்தது என்று எந்தப் பதிவேடும் சொல்லவில்லை. எனினும் ரசலின் வீடு இருந்த இடம் தெரியும்: இன்றைய பிரண்ட் வீதியில், பிரின்சஸ் வீதிக்கு அருகே. அங்கிருந்து பிளாக்பர்ன் தம்பதியரின் நிலத்துக்கு நடந்தே போய்விடலாம்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். இங்கிள்நூக் இயங்கிக்கொண்டிருக்கும் பள்ளி. நினைவுப் பலகையை வெளியிலிருந்தே படிக்கலாம், வகுப்பு நேரத்தில் முற்றத்துக்குள் செல்ல வேண்டாம். பக்கத்திலேயே ஜோர்ஜ் பிரவுன் கல்லூரியின் மாநாட்டு மையத்துக்கு லூசி, தோர்ன்டன் பிளாக்பர்ன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. நேரம் கிடைத்தால் சென்ட் கதரின்ஸ் நகரிலுள்ள சேலம் தேவாலயத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஹரியட் டப்மன் வழிபட்ட அந்தக் கட்டடம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. என் பட்டியலில் பிரண்ட் வீதியை முதலாவதாகவும், சாக்வில் வீதியை இரண்டாவதாகவும் வைத்திருக்கிறேன். அடுத்ததாக, பிளாக்பர்ன் தம்பதியர் வாடகைக்கு விட்ட வீடுகளில் யார் யார் குடியிருந்தார்கள் என்று வரிப்பதிவேடுகளில் ஆண்டுவாரியாகத் தேடி, கிடைக்கும் பெயர்களை இங்கேயே எழுதுவேன்.